காதுக்கு ஒரு வயது: காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தை கேட்கவும் பேசவும் பழகுவது எப்படி?

மூன்று வயதுக் குழந்தை. காக்ளியர் இம்ப்ளான்ட் (கேளாத குழந்தையின் உள்காதில் பொருத்தும் மின்கருவி) அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. பத்துப் பன்னிரண்டு சொற்கள் சொல்கிறது. அதிலும் பாதி அம்மாவுக்கு மட்டும்தான் புரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னும் ஏன் பேசல?" பெற்றோர் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறார்கள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, அதே கேள்வியைத் தங்களுக்குள்ளும் கேட்டுக்கொள்கிறார்கள்.

பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. குழந்தைக்கு வயது 3. அதன் காதுக்கு வயது 1. ஒரு வயதுக் குழந்தை எத்தனை சொல் பேசும்? பத்துச் சொல் பேசினாலே கெட்டிக்காரக் குழந்தை என்போம்.

இந்தக் கணக்குக்குக் 'கேட்கும் வயது' என்று பெயர். கருவியை முதன்முதலாக இயக்கிய நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கேட்பு நிபுணர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் குழந்தையின் முன்னேற்றத்தைப் பார்க்கும்போது பிறந்த தேதியோடு இந்தத் தேதியையும் வைத்துத்தான் பார்ப்பார்கள். இந்தக் கட்டுரையில் வருகிற மற்ற எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் போதும்.

முதல் சொல்லுக்கு முன்னால் ஒரு வருடம்

கேட்கும் திறனோடு பிறக்கிற குழந்தையை முதலில் பார்ப்போம். அது பிறந்த பிறகுதான் கேட்கத் தொடங்குகிறது என்று நினைத்தால் தப்பு. கர்ப்பத்தின் ஏழாவது மாதவாக்கிலேயே வயிற்றுக்குள் ஒலி கேட்க ஆரம்பித்துவிடுகிறது. பிறந்த சில நாட்களிலேயே அம்மாவின் குரலை மற்றவர் குரலிலிருந்து பிரித்தறிகிறது. இரண்டு மூன்று மாதத்தில் 'ஊ', 'ஆ' என்று கொஞ்சும். ஆறு மாதம் தாண்டி, பத்து மாதத்துக்குள் 'பபப', 'மமம', 'ததத' என்று மழலை அடுக்கும். ஏறக்குறைய ஒரு வயதில் முதல் சொல் வரும். ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் 'அப்பா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொற்களைச் சேர்க்கும்.

அந்த முதல் 'அம்மா'வுக்கு முன்னால் எவ்வளவு கேட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறந்த பிறகு ஒரு முழு வருடம், வயிற்றுக்குள் இரண்டு மாதத்துக்கு மேல். அந்தக் காலத்தில் அதன் வாய் சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருக்கவில்லை. ஆறு மாதக் குழந்தையால் உலகத்தின் எந்த மொழியின் ஒலி வேறுபாட்டையும் ஏறக்குறைய பிரித்தறிய முடியும். பத்து, பன்னிரண்டு மாதம் ஆகும்போது தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்கு ஏற்றபடி அந்தத் திறனைக் கூர்மையாக்கிக்கொண்டு, மற்றதைக் கழற்றி விட்டுவிடும். தமிழ் கற்க வருகிற வெளிநாட்டுக்காரர் 'வலி', 'வளி', 'வழி' மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கிறது என்று தலையைச் சொறிவதற்குக் காரணம் இதுதான்.

காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு இந்த ஒரு வருடம் கிடைப்பதில்லை. ஆனால் அது வெளியே உடனே தெரியாது. அதுவும் அழும், சிரிக்கும், முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே கொஞ்சும். பின்னாலிருந்து கை தட்டினால்கூடத் திரும்பலாம். நிழல் அசைவதைப் பார்த்தோ, காற்றையும் அதிர்வையும் உணர்ந்தோ திரும்பியிருக்கும். 'நல்லாத்தானே சத்தம் போடுது' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். வித்தியாசம் மழலைக் கட்டத்தில்தான் தெரியும். தன் குரலைத் தானே கேட்காத குழந்தைக்கு 'பபப' வரிசை உரிய காலத்தில் வருவதில்லை.

இதனால்தான் வீட்டில் கை தட்டிப் பார்ப்பதை நம்பாமல், பிறந்தவுடனே கருவி வைத்துப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிலிருந்து மூன்று குழந்தைகள் வரை நிரந்தரக் கேட்புக் குறைவோடு பிறக்கின்றன. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குவது: மருத்துவ உலகில் 1-3-6 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இலக்கு இது. பரிசோதனையைக் குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம், வலி கிடையாது.

நத்தை ஓட்டுக்குள் ஒரு புல்

நம் உள்காதில் காக்ளியா என்று ஓர் உறுப்பு இருக்கிறது. நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும், பட்டாணி அளவு. உள்ளே திரவம், அந்தத் திரவத்தில் அசைகிற மயிர்ச் செல்கள். ஒரு காதில் மொத்தம் பதினைந்தாயிரம் சொச்சம். வெளியிலிருந்து வரும் ஒலி திரவத்தை அசைக்கும், செல்கள் அந்த அசைவை மின் துடிப்பாக மாற்றும், செவி நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகும். சுருளின் வாசலில் இருக்கும் செல்கள் 'ஸ்' போன்ற கூர்மையான ஒலிகளுக்கு. உள்ளே போகப் போக, கடைசி நுனியில் இருப்பவை 'ம்', 'ஊ' போன்ற கனத்த ஒலிகளுக்கு. ஹார்மோனியக் கட்டைகளை வரிசையாக வைத்துச் சுருட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செல்கள் பழுதானால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. கொஞ்சம் பழுது என்றால் ஹியரிங் எய்டு உதவும். அது ஒலியைப் பெரிதாக்கித் தரும், மிச்சமிருக்கிற செல்கள் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலானவை பழுது என்றால் எவ்வளவு பெரிதாக்கினாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அப்படிப்பட்ட குழந்தைகளிலும் பலருக்குச் செவி நரம்பு நன்றாகவே இருக்கும். காக்ளியர் இம்ப்ளான்ட் செய்வது இதுதான்: பழுதான செல்களைத் தாண்டிக்கொண்டு நேராக நரம்பைத் தொட்டுப் பேசுவது.

கருவிக்கு இரண்டு பாகம். வெளியே காதின் பின்னால் மாட்டும் பிராசசர், அதில் மைக். அதிலிருந்து ஒரு சின்ன வயர், வயர் நுனியில் 'காயில்' எனப்படும் வட்டமான கம்பிச்சுருள். காயில் தலையில் ஒட்டி நிற்பது காந்தத்தால். தோலுக்கு அடியில் இன்னொரு காந்தம் இருக்கிறது. அங்கே அறுவை சிகிச்சையில் வைத்த உள்பாகம் இருக்கும். அதிலிருந்து புறப்படும் மெல்லிய இழை காக்ளியாவுக்குள் சுருண்டு போயிருக்கும். இழையில் 12 முதல் 22 வரை எலக்ட்ரோடுகள், அதாவது நரம்புக்கு மின் துடிப்பு தரும் சின்ன முனைகள், தயாரிப்பாளரைப் பொறுத்து. பிராசசர் ஒலியைப் பிரித்துக் கணக்குப் போட்டு, தோலைத் துளைக்காமலே ரேடியோ அலையில் உள்ளே அனுப்புகிறது. எந்த ஒலிக்கு எந்த எலக்ட்ரோடு துடிக்க வேண்டுமோ அது துடிக்கிறது.

அந்த இழையைச் சுருளுக்குள் எப்படிப் புகுத்துவது என்பது ஒரு காலத்தில் பெரிய தலைவலியாக இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க் 1977இல் கடற்கரையில் விடுமுறையில் இருந்தபோது ஒரு சங்கு போன்ற சிப்பியை எடுத்து, அதன் வாயில் புல்லைச் செருகிப் பார்த்தார். நுனி மெலிந்து வளைந்துகொடுத்து, அடி விறைப்பாக இருந்த புல் சுருளுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. இழையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, 1978இல், மெல்போர்னில் பல எலக்ட்ரோடுகள் கொண்ட தன் கருவியை முதல் நோயாளிக்குப் பொருத்தினார். ஏறக்குறைய அதே காலத்தில் வியன்னாவில் பொறியாளர்களான இங்கெபோர்க் ஹோக்மெயரும் எர்வின் ஹோக்மெயரும் இதே முயற்சியில் இருந்தார்கள். தொடக்கத்தில் இது பெரியவர்களுக்கு மட்டும்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1990இல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அனுமதித்தது, 2000இல் ஒரு வயதுக்கு, 2020இல் ஒன்பது மாதத்துக்கு. வயது ஏன் இப்படிக் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகிறது?

விடை காதில் இல்லை, மூளையில் இருக்கிறது. பிறக்கும்போதே காக்ளியா பெரியவர்களுக்கு இருக்கும் அளவில்தான் இருக்கிறது, அது காத்திருக்கும். (குழந்தை வளர வளர இழையை மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம்.) ஆனால் கேட்பதற்காக ஒதுக்கப்பட்ட மூளைப் பகுதி காத்திருக்காது. ஒலி வரவில்லை என்றால், பார்வையும் தொடு உணர்வும் மெல்ல அந்த இடத்தில் குடியேறத் தொடங்கும். காலி மனையை யார் சும்மா விடுவார்கள்? ஆய்வாளர் அனு சர்மாவும் அவருடைய குழுவினரும் ஒலிக்கு மூளை தரும் மின்னலையை அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றரை வயதுக்குள் இம்ப்ளான்ட் பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்த அலை சில மாதங்களில் வயதுக்கேற்ற அளவுக்கு வந்துவிட்டது. ஏழு வயதுக்குப் பிறகு பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி வரவில்லை. மூன்றரை என்பது கடைசி வரம்பு, இலக்கு அன்று. கிடைக்கிற சான்றுகள் எல்லாம் ஒரு வயதை ஒட்டியோ அதற்கு முன்போ செய்வதே மொழிக்கு நல்லது என்ற பக்கம்தான் நிற்கின்றன.

ஸ்விட்ச் ஆன்

அறுவை சிகிச்சை முடிந்த அன்றைக்கே குழந்தைக்குக் கேட்காது. காயம் ஆறி, பெரும்பாலும் சில வாரம் கழித்துத்தான் வெளிப்பாகத்தை மாட்டி இயக்குவார்கள். இதைத்தான் ஸ்விட்ச் ஆன் என்கிறார்கள். இணையத்தில் சுற்றும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள்: அம்மா பேசுவார், குழந்தை கண்ணை விரித்துச் சிரிக்கும், எல்லாரும் அழுவார்கள். அது சில குழந்தைகளுக்கு நடக்கும். பல குழந்தைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு கணம் அசையாமல் இருக்கும். சில, பால் குடிப்பதை நிறுத்தும். சில வீறிட்டு அழும், காயிலைப் பிடுங்கி எறியும். சில, ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். இதில் எதுவும் கெட்ட சகுனம் இல்லை. அந்தக் காணொளிகள் பெற்றோருக்கு நன்மையைவிடக் கெடுதலையே அதிகம் செய்திருக்கின்றன என்பது என் எண்ணம். தன் குழந்தை சிரிக்கவில்லை என்று உடைந்துபோய் வீடு திரும்பும் அம்மாக்களை அவை காட்டுவதில்லை.

அன்றைக்குக் குழந்தைக்கு என்ன கேட்கிறது? பேசப் பழகிய பிறகு காது போய், இம்ப்ளான்ட் பெற்ற பெரியவர்கள் சொல்வதைக் கேட்டால், முதலில் அது ரோபோ பேசுவது போலவோ பீப் சத்தம் போலவோ இருக்கிறது. இயற்கையான காதின் ஆயிரக்கணக்கான செல்கள் செய்ததை இருபது எலக்ட்ரோடுகள் செய்தால் அப்படித்தான் இருக்கும். சொல்லின் தாளம், நீளம், சத்தம் கூடுவதும் குறைவதும் நன்றாக வரும். சுருதியின் நுணுக்கம் வராது. அதனால்தான் இசை கடினம். ஆனால் பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஒலி எதுவும் இல்லை. அதன் உலகத்தில் அம்மா குரல் என்றால் இதுதான்.

தொடக்கத்தில் மின்னளவைக் குறைவாகத்தான் வைப்பார்கள். ஒவ்வொரு எலக்ட்ரோடிலும் குழந்தைக்குக் கேட்கத் தொடங்கும் அளவு எது, தொந்தரவு இல்லாமல் தாங்கக்கூடிய உச்ச அளவு எது என்று பார்த்து அமைப்பதற்கு மேப்பிங் என்று பெயர். எட்டு மாதக் குழந்தை 'இது போதும்' என்று வாய் திறந்து சொல்லாது. அதனால் நரம்பின் மின்னெதிர்வைக் கருவி வழியாகவே அளந்தும், குழந்தையின் முகத்தையும் கண்ணையும் கவனித்தும் படிப்படியாக ஏற்றுவார்கள். முதல் சில மாதம் அடிக்கடி போக வேண்டியிருக்கும், பிறகு இடைவெளி நீளும். வீட்டில் நீங்கள் கவனித்தது இங்கே தங்கம். எந்தச் சத்தத்துக்குத் திரும்பியது, எதற்குக் கண் சிமிட்டியது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

கேட்பதில் நான்கு படி

ஒலி இருக்கிறது என்று தெரிவது முதல் படி. இரண்டு ஒலிகள் ஒன்றா வேறா என்று தெரிவது இரண்டாவது. இது இன்ன சொல் என்று அடையாளம் காண்பது மூன்றாவது. கேட்டதன் பொருள் புரிந்து அதற்கேற்ப நடப்பது நான்காவது. கேட்புப் பயிற்சி வல்லுநர் நார்மன் எர்பர் வகுத்த இந்த நான்கு படிகள்தான் இன்றும் பயிற்சிகளுக்கு அடிப்படை. படி என்றதும் ஒன்றை முடித்துத்தான் அடுத்ததில் கால் வைக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். குழந்தை ஒரே நாளில் நான்கிலும் ஏறி இறங்கும். 'செருப்பு எங்கே?' என்று கேட்டால் வாசலைப் பார்க்கிற குழந்தை, 'ச'வுக்கும் 'த'வுக்கும் வித்தியாசம் தெரியாமலே நான்காவது படியில் நிற்கிறது.

எது முதலில் பிடிபடும்? நீளமும் தாளமும். 'பூ' என்பதையும் 'பட்டாம்பூச்சி' என்பதையும் குழந்தை சீக்கிரம் பிரித்துவிடும், ஒன்று ஓரசை, இன்னொன்று நீண்ட வால். அப்புறம் 'படம்', 'பாடம்' போன்ற குறில் நெடில். காலத்தின் நீளத்தை இந்தக் கருவி நன்றாகவே கடத்துகிறது. கடைசியில் நிற்பவை நாக்கு எங்கே தொடுகிறது என்பதில் மட்டும் மாறுகிற ஒலிகள்: 'மனம்', 'மணம்', 'பல்லி', 'பள்ளி'. ஆகவே ஆரம்பத்திலேயே 'பள்ளி சொல்லு, பல்லி சொல்லு' என்று உட்கார வைப்பது தேவையில்லாத சித்திரவதை. ல, ள, ழ விஷயத்தில் நன்றாகக் காது கேட்கிற பெரியவர்களே எவ்வளவு சறுக்குகிறோம் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

தொடக்கக்காரக் காதுக்குத் தமிழ் ஒரு நல்ல உதவி வைத்திருக்கிறது: இரட்டைக்கிளவி. மழை சடசட, கதவு தடதட, மணி கிணுகிணு, தண்ணீர் சலசல. ஒரே தாளம் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொன்றும் ஒரு பொருளோடு ஒட்டியிருக்கிறது. பயிற்சியாளர்கள் விலங்குச் சத்தம், வண்டிச் சத்தம் என்று பொம்மைகளை வைத்துச் செய்வதும் இதே வேலையைத்தான்.

தினமும் காலையில் கருவியை மாட்டியதும் செய்யும் ஒரு சோதனை உண்டு. டேனியல் லிங் என்பவர் உருவாக்கியதால் லிங் ஒலிகள் என்பார்கள். ஆறு ஒலிகள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். பேச்சில் வரும் கனத்த ஒலியிலிருந்து கூர்மையான ஒலிவரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். வாயைக் குழந்தை பார்க்காதபடி பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தை திரும்பிப் பார்க்கும். கொஞ்சம் வளர்ந்தது ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கட்டையைப் பெட்டியில் போடும். பேசுகிற குழந்தை திருப்பிச் சொல்லும். நேற்றுவரை 'ஸ்' கேட்ட குழந்தைக்கு இன்று கேட்கவில்லை என்றால் மைக்கில் அழுக்கோ, வயர் பழுதோ, மேப் மாற்ற வேண்டிய நேரமோ. இரண்டு நிமிட வேலை. குழந்தை பல நாள் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருப்பதை இது தடுக்கும்.

காது போகிற வழியில் வாய்

பேச்சு என்பது வாயின் வேலை என்று தோன்றும். ஆனால் அதில் காதுக்கும் பெரிய பங்கு உண்டு. குழந்தை ஓர் ஒலியை எழுப்புகிறது, தன் காதால் கேட்கிறது, அம்மா சொன்னதோடு ஒப்பிடுகிறது, கொஞ்சம் மாற்றிப் பார்க்கிறது. இந்த வட்டம் ஆயிரக்கணக்கான முறை சுற்றினால்தான் 'அப்பா' அப்பாவாக வரும். இம்ப்ளான்ட் முதலில் முழுமையாக்கிக்கொடுப்பது இந்த வட்டத்தைத்தான். ஸ்விட்ச் ஆன் ஆகிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குழந்தையின் குரல் மாறுவதைக் கவனிக்கலாம்; அதுவரை வராத 'பபப', 'மமம' வரும். இரண்டு வயதுக் குழந்தை ஆறு மாதக் குழந்தை போல மழலை அடுக்குகிறதே என்று சிலர் வருத்தப்படுவார்கள். கொண்டாட வேண்டிய விஷயம் அது. விட்டுப்போன கட்டத்தை அது இப்போது கடக்கிறது.

சொற்களைப் புரிந்துகொள்வது எப்போதும் சொல்வதற்கு முன்னால் வரும். ஐம்பது சொல் புரிகிற குழந்தை ஐந்துதான் சொல்லும். வெளியே தெரியும் ஐந்தை வைத்து அளந்தால் ஏமாற்றமாக இருக்கும். அதனால் வீட்டில் எழுதி வைக்க வேண்டியது இரண்டு பட்டியல்: புரிகிறவை ஒன்று, சொல்கிறவை ஒன்று. முதல் பட்டியல் நீண்டுகொண்டே போனால் கவலைப்பட வேண்டாம். பல மாதம் ஆகியும் அதுவும் நீளவில்லை என்றால், காத்திருக்காமல் நிபுணரிடம் போக வேண்டும்.

'சொல்லு, அம்மா சொல்லு, சொன்னாத்தான் தருவேன்' என்பது அன்பில் வருவதுதான். ஆனால் பேச்சைக் குழந்தைக்குப் பரீட்சையாக்கிவிடும். அதற்குப் பதில் நீங்கள் செய்வதைப் பேசுங்கள், அது செய்வதைப் பேசுங்கள். "பந்து உருளுது. உருண்டு உருண்டு எங்க போச்சு? கட்டிலுக்கு அடியில போயிடுச்சு!" அது 'பந்து' என்றால் நீங்கள் 'பெரிய பந்து' என்று ஒரு படி ஏற்றிக் கொடுங்கள். ஏதாவது கேட்டுவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். புதிய காதுக்குக் கேட்டதைப் பிடித்து அர்த்தம் பார்க்க நேரம் வேண்டும். பெரியவர்களுக்கு இந்தப் பத்து நொடிதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

கத்தத் தேவையில்லை. கத்தினால் ஒலி சிதையும், உதட்டை இழுத்து இழுத்துப் பேசினால் சொல்லின் வடிவம் கெடும். இயல்பான குரலில், கொஞ்சம் ராகம் போட்டு, மைக்குக்குப் பக்கத்தில் பேசினால் போதும். பயிற்சியில் முன்பெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவார்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளாமல் காதை நம்ப வேண்டும் என்று. இப்போது அதை அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. கை ஒலியை மழுக்கும், குழந்தையும் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதுமே.

தமிழில் இன்னொரு நுட்பம். நம் மொழி பொருளின் பெரும்பகுதியைச் சொல்லின் வாலில் வைக்கிறது. 'வீட்டுக்கு', 'வீட்டில்', 'வீட்டை', 'வந்தான்', 'வந்தாள்'. பேசும்போது வால் பகுதியை நாம் முழுங்கிவிடுகிறோம். நன்றாகக் கேட்கிற குழந்தை எப்படியோ பொறுக்கிக்கொள்ளும். கருவி வழியாகக் கேட்கும் குழந்தைக்கு அது தப்பிப்போகும். 'பெட்டி மேல', 'பெட்டி உள்ள', 'பெட்டிக்குப் பின்னாடி' என்று பொம்மையை ஒளித்து வைத்து விளையாடும்போது அந்தக் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் அழுத்தியும் நீட்டியும் சொல்லுங்கள். சொல் மட்டும் பெருகி இலக்கணம் பின்தங்கும் குழந்தைகளுக்கு இது நல்ல பலன் தரும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம்

வாரத்துக்கு ஒரு மணி நேரம் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். விழித்திருக்கும் மீதி நேரம் எவ்வளவு? எண்பது, தொண்ணூறு மணி நேரம். மொழி வருவது அங்கேதான். கருவி எத்தனை மணி நேரம் தலையில் இருந்தது என்பதை இப்போதைய பிராசசர்கள் தாமே குறித்து வைக்கின்றன. மேப்பிங்குக்குப் போனால் அந்தக் கணக்குத் திரையில் வரும். அதைப் போலீஸ் விசாரணை போல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு குழந்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் மாட்டியிருக்கிறது என்றால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: காந்தம் பலமில்லை, காயில் விழுந்துகொண்டே இருக்கிறது, மேப் உரக்க இருக்கிறது, தலைப்பட்டை அரிக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்தால் நேரம் கூடும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றலாம், மற்ற நேரமெல்லாம் மாட்டியிருக்க வேண்டும்.

கருவிக்கு இரண்டு எதிரிகள்: தூரம், இரைச்சல். தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் அழுத்தம் திறந்த வெளியில் பாதியாகிவிடும். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கவில்லை என்றால் குழந்தை அடம்பிடிக்கிறது என்று அர்த்தமில்லை. யாரும் பார்க்காமலே ஓடிக்கொண்டிருக்கும் டிவிதான் வீட்டில் குழந்தைக்கும் பேச்சுக்கும் நடுவே நிற்கும் பெரிய சுவர். அதை அணைப்பதற்குச் செலவே இல்லை. வகுப்பறையில் ஆசிரியரின் சட்டையில் மாட்டும் கம்பியில்லா மைக் இந்த இரண்டு பிரச்சினையையும் பெருமளவு தீர்க்கும். இரண்டு காதிலும் இம்ப்ளான்ட் இருந்தால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியவும், இரைச்சலில் பேச்சைப் பிரிக்கவும் எளிது. மற்றக் காதில் கொஞ்சம் கேட்கும் சக்தி மிச்சமிருந்தால் அதில் ஹியரிங் எய்டு போட்டுக்கொள்வதும் உண்டு.

உடல்நலத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இம்ப்ளான்ட் உள்ள குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். நிமோகாக்கல் தடுப்பூசியை விடக்கூடாது, காதுச் சீழையும் காய்ச்சலையும் தள்ளிப்போடக்கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் உள்ளே காந்தம் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

ஒரே வயது, ஒரே கருவி, வேறு வேறு வேகம்

பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றரை வருடத்தில் கதை சொல்கிறது, நம் குழந்தை இன்னும் இரட்டைச் சொல்லில் நிற்கிறது. ஏன்? காரணம் பல. கேளாமைக்கான காரணமே ஒன்று. கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவின் மாற்றத்தால் வந்த கேளாமை என்றால் செவி நரம்பு பொதுவாக நல்ல நிலையில் இருக்கும், பலனும் நன்றாக இருக்கும். மூளைக்காய்ச்சலால் வந்தது என்றால் காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம். அங்கே அவசரமாகச் செயல்பட வேண்டும். செவி நரம்பு மிக மெல்லியதாக இருந்தாலோ இல்லாமலே போனாலோ இம்ப்ளான்டின் பலன் குறைவு. கேட்புக் குறைவுள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோருக்குப் பார்வை, வளர்ச்சி, ஆட்டிசம் என்று இன்னொரு சவாலும் கூடவே இருக்கிறது. அவர்களுக்கு முன்னேற்றம் என்பதற்கு வேறு அளவுகோல். தன் பெயரைக் கேட்டுத் திரும்பி அம்மாவைப் பார்ப்பதே சில வீடுகளில் பெரிய விஷயம்.

சைகை மொழியைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். சைகை கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ஆனால் சைகை மொழியும் முழு இலக்கணம் கொண்ட மொழிதான். குழந்தையின் மூளைக்கு அவசரமாகத் தேவைப்படுவது ஏதாவது ஒரு மொழி. கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கின்றன, அந்தப் பெற்றோருக்குச் சைகை தெரியாது, அதனால் பேச்சு வழியை நாடுகிறார்கள், அது இயல்பு. ஆனால் இம்ப்ளான்டுக்குக் காத்திருக்கும் மாதங்களிலும், கருவி எதிர்பார்த்தபடி உதவாத குழந்தைகளிடமும் மொழியே இல்லாத வெற்றிடத்தை விடுவது தவறு. இதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, நான் இந்தப் பக்கம்.

கருவியைக் கழற்றினால் குழந்தைக்கு மறுபடி நிசப்தம் என்பதையும் மறக்கக் கூடாது. இரவில் கதை சொல்வதென்றால் காயிலைக் கழற்றுவதற்கு முன்னால், விளக்கு எரியும்போதே சொல்ல வேண்டும்.

முதல் சில வாரம் அதே காயிலைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் எறிந்துகொண்டிருந்த குழந்தை ஒரு நாள் ஒரு காரியம் செய்யும். விளையாடும்போது காயில் நழுவி விழும். குழந்தை சட்டென்று நிற்கும், தலையைத் தடவும், தரையில் தேடும். எடுத்துக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்து, தலையைச் சாய்த்து நிற்கும். அன்றைக்கு அது ஒரு சொல்கூடப் பேசியிருக்காது. நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.